ஆட்டுக்கு வைத்த அண்டா

பம்பு ஓடுதா இல்லையான்னு தெரிஞ்சுக்க, தண்ணி வேலைக்குப் புதுசா வந்திருக்கற நீங்கல்லாம் இப்போ போனைப் பாக்கறீங்க. நல்லதுதான், குறை சொல்லலை. எங்க காலத்துல காதுதான் எல்லாம். பழவேற்காட்டுல படவு ஏறி, ஏரிக்குள்ள இருக்கற தீவு ஊருங்களுக்குப் போவேன். கரை இன்னும் தூரத்துல இருக்கும்போதே காதைத் தீட்டிக்குவேன். பொம்பளைங்க சண்டை போடற சத்தம் கேட்டா பம்பு நல்லா இருக்குன்னு அர்த்தம். சத்தமே இல்லைன்னா பம்பு படுத்துக்கிச்சு, இன்னிக்கு சோறு தண்ணி கிடையாதுன்னு அர்த்தம்.

சிரிக்காதீங்க. யோசிச்சுப் பாருங்க. தண்ணி வந்தாத்தான் வரிசை இருக்கும். வரிசை இருந்தாத்தான் சண்டை இருக்கும். தண்ணி இல்லாத பம்புகிட்ட யாரு நின்னு சண்டை போடுவா?

எழுபதுகள் கடைசியில பஞ்சாயத்து யூனியன்ல பம்பு மெக்கானிக்கா சேந்தேன். சொந்த ஊர் பொன்னேரி பக்கம். கிணத்துத் தண்ணி குடிச்சு வளந்தவன். உப்புன்னா இன்னான்னு அந்த ஏரிக்குப் போய்த்தான் தெரிஞ்சுகிட்டேன். எனக்கு மேல ஒரு ஓவர்சியர் இருந்தாரு. வெத்தலைய ஒரு கன்னத்துலேர்ந்து இன்னொரு கன்னத்துக்கு மாத்திட்டுத்தான் எதையும் சொல்லுவாரு. முதல் நாளே எனக்கு ஒரு உத்தரவு போட்டாரு. "ஊர்ச் சண்டையில ஸ்பேனரை நீட்டாதே. கழட்டு, மாட்டு, டீ குடுத்தா குடி, படவு ஏறு. புரியுதா?" புரியுதுன்னு தலையாட்டினேன். புதுசா வேலைக்குச் சேந்தவன் வேற என்னத்தைச் செய்வான்?

பசியாவரம் தீவைத் தாண்டி இன்னும் கொஞ்சம் போனா ஒரு சின்னக் குப்பம். பேரு வேணாம், பேரப்பிள்ளைங்க இன்னும் இருக்காங்க. அந்தத் தீவுல மணலுக்கு அடியில மழைத்தண்ணி மெல்லிசா நிக்கும். அதுக்குக் கீழ பூரா உப்பு. அந்த மெல்லிசுத் தண்ணியில கையாலயே துளை போட்டு இறக்கின ஒரே ஒரு கைப்பம்பு. ஊருக்கே அதுதான்.

அந்தப் பம்புல ரெண்டு குரல் எனக்கு நல்லாப் பழக்கம். ஒண்ணு அஞ்சலை. இன்னொண்ணு தேசம்மா. ரெண்டு பேரும் ஏறக்குறைய ஒரே வயசு, ஒரே வருசத்துல அந்தத் தீவுக்கு வாக்கப்பட்டு வந்தவங்க. பம்புகிட்ட பார்த்தா ஒருத்தி குடத்தை இன்னொருத்தி எட்டி உதைப்பா. சாயங்காலம் பார்த்தா ரெண்டு பேரும் ஒரே வலை மேல உக்காந்து, ஒருத்தி தலையில இன்னொருத்தி பேன் பாத்துகிட்டு இருப்பா. அவங்க போடற சத்தம் காத்து அடிக்கற பக்கமா இருந்தா முகத்துவாரம் வரைக்கும் கேக்கும்னு படவுக்காரங்க கிண்டல் பண்ணுவாங்க.

ஒரு மாசி மாசம், மாமூல் பார்வைக்குப் போறேன். கரை நெருங்குது. பம்புக் கைப்பிடி கிறீச் கிறீச்னு அடிபடற சத்தம் கேக்குது. ஆனா ஒரு பேச்சுக்குரல் இல்ல. பம்பு ஓடுது, சண்டை இல்ல. இப்படி ஒண்ணை நான் பார்த்ததே கிடையாது.

போய்ப் பார்த்தா பொம்பளைங்க எல்லாம் வரிசையில நிக்கறாங்க. அஞ்சலை இருக்கா. தேசம்மா இல்ல.

"இன்னாமா, சாவு ஊடு மாதிரி கீறீங்க?"ன்னு கேட்டேன். அஞ்சலை தலைகுனிஞ்சு அடிச்சுகிட்டே இருந்தா. அந்த வாயாடி பதில் சொல்லலைன்னா விஷயம் பெருசுன்னு புரிஞ்சுபோச்சு.

ஊர்ப் பெரியதனம்தான் கூட்டிட்டுப்போய் சொன்னாரு. ஊர் நியாயம் பேசறவரை அங்க அப்படித்தான் சொல்லுவாங்க. வயசானவர், ஒல்லி, பேச்சு மெதுவா வரும். அந்த ஏரியில ஒரு வழக்கம் உண்டு, நீங்களும் கேள்விப்பட்டிருப்பீங்க. ஆளாளுக்கு இஷ்டத்துக்கு வலை கட்டமுடியாது. மீன் வர்ற இடங்களைப் பிரிச்சு, வருசத்துக்கு ஒரு தடவை சீட்டுக் குலுக்கி, இன்னிக்கு உனக்கு நாளைக்கு எனக்குன்னு முறை வச்சிருப்பாங்க. அதுக்குப் பேரு பாடு. அதுதான் அவங்களுக்குக் கோர்ட்டு, அதுதான் சாமி.

அஞ்சலை புருசன் ஏழுமலையோட பாடு வந்த அன்னிக்கு, தேசம்மா புருசன் எத்திராஜ் வலை அங்க கிடந்திருக்கு. எறா நல்லா விழற இடம். ஊர் கூடிக் கேட்டப்போ எத்திராஜ், "நான் போடல, நீரோட்டம் இஸ்துகினு போச்சு"ன்னான். ஊர் நம்பலை. சபையில நெடுஞ்சாண்கிடையா விழுந்து எழுந்துடு, அதோட முடிஞ்சுபோச்சுன்னு சொல்லியிருக்காங்க. அவன், "பண்ணாத தப்புக்கு நான் இன்னாத்துக்கு உயுவணும்?"னுட்டு நின்னான். நின்னா ஊர் இன்னா பண்ணும்? ஒதுக்கி வச்சிருச்சு. யாரும் பேசக்கூடாது, நெருப்பு குடுக்கக்கூடாது, தண்ணி குடுக்கக்கூடாது.

"பம்பு சர்க்காரு பம்பாச்சே பெரியவரே"ன்னேன்.

"பம்பு சர்க்காருது நைனா. வரிசை ஊருது"ன்னாரு.

இங்க தங்கச்சி ஒருத்தர் முறைக்கறது தெரியுது. போலீசுக்குப் போயிருக்கலாமேன்னு கேக்கறீங்க. கேக்கவேண்டிய கேள்விதான். எனக்கும் அன்னிக்குக் கை துடிச்சுது. அதுக்கு முன்னாடி தேசம்மாவைப் பார்த்துட்டு வந்துடுவோம்னு அவ வீட்டுப் பக்கம் போனேன். நான் வெளியூர்க்காரன், என்கிட்ட பேசக்கூடாதுன்னு கட்டுப்பாடு இல்ல.

ஊர்க் கடைசியில, பம்பு மேடையிலிருந்து தண்ணி வடியற வாய்க்கால் முடியற பக்கமா அவ குடிசை. வாசல்ல நிக்கறா. சின்னப் பொண்ணு ஒண்ணு இடுப்புல. ஏரிக்கரையோரமா ஒரு பள்ளம் தோண்டி வச்சிருந்தா. அதுல ஊறுனதைச் கொட்டாங்குச்சியில மொண்டு வாயில ஊத்திப் பார்த்தேன். துப்பிட்டேன். அதைத்தான் அந்தக் குழந்தை குடிச்சிகிட்டு இருந்துச்சு. எத்திராஜ் முடிஞ்சப்போ தன் படவுல பழவேற்காடு போய், ஒரு பாய் வீட்டுக் கிணத்துல கேட்டு எடுத்துட்டு வருவான். காத்து எதிர்த்து அடிச்சா அதுவும் இல்ல.

நான் தண்ணியப் பத்திக் கேட்டுகிட்டே இருக்கேன். அவ சட்டுனு, "ஏண்ணா, இன்னிக்கு உங்க வூட்ல இன்னா கொயம்பு?"ன்னா.

"தெரியலையேமா. விடிகாலம்பற கிளம்பி வந்துட்டேன்."

"தெரியாதா? இன்னா மனுசன்ணா நீ! பொண்டாட்டி இன்னா ஆக்கறான்னு தெரியாம ஒரு ஆம்பள வேலைக்கு வருவானா?" அப்படின்னு சிரிச்சா. சிரிச்சுகிட்டே இருந்தவ முந்தானையால வாயைப் பொத்திகிட்டா. "தண்ணிய வுடுண்ணா. பள்ளத்துத் தண்ணி குடிச்சாவது உயிர வச்சிக்கலாம். ஒரு வார்த்த பேச ஆளு இல்லண்ணா. அவுரு காலைல போனா சாயங்காலம் வராரு, வந்தா வாயே தொறக்கறதில்ல. அஞ்சல இப்டி எதுக்க போறா, தரையப் பாத்துகினு போறா. என்ன ஒரு தபா, போடி பேமானின்னு திட்டிட்டுப் போனா கூட போதும்ணா."

டூல்ஸ் பையைத் தூக்கிகிட்டு நடந்தேன். போலீஸ் யோசனை அங்கயே போயிடுச்சு. போலீஸ் வந்தா அவளுக்குத் தண்ணி கிடைக்கும். அவ கேட்ட பேச்சு கிடைக்காது. அப்புறம் அந்த ஊர்ல எந்தக் காலத்துலயும் அவளை ஒருத்தி உரிமையாத் திட்டமாட்டா.

பம்புகிட்ட திரும்பி வந்தேன். பொம்பளைங்க நிக்கறாங்க. பெரியதனம் பூவரச மரத்தடியில உக்காந்திருக்காரு. உப்புக்காத்துல பைப்புக்குள்ள துரு ஏறுறது வழக்கம்தான். காலையில முதல்ல வர்ற தண்ணி கொஞ்சம் செவப்பா வரும், ஒரு குடம் அடிச்சு ஊத்திட்டா தெளிஞ்சுடும். எனக்கு அதுதான் கைகுடுத்துச்சு. தொண்டையைக் கனைச்சுகிட்டு, சர்க்கார் குரல்ல சொன்னேன். "எல்லாரும் கேளுங்க. பைப்பு துருப்புடிச்சு கீது. தெனம் காலையில மொத அஞ்சாறு குடம் மனுசன் குடிக்கக்கூடாது. அடிச்சு வெளிய ஊத்திடணும். ஆனா வீணாக்கவும் கூடாது. வாய்க்கா கடைசியில ஒரு தொட்டி வைங்க. ஆடு குடிக்கட்டும்."

வாய்க்கால் கடைசியில யாரு வீடு இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும். பெரியதனம் என்னையே பார்த்தாரு.

"எந்த ஆடு நைனா?"

அப்போதான் எனக்கு உறைச்சுது. அந்தத் தீவுல இருந்ததே ஒரே ஒரு ஆடு. அதுவும் அவருது.

"உங்க ஆடுதான் பெரியவரே."

"அது அவ்ளோ குடிக்காதே."

"வெயில் காலம் வருது பெரியவரே. குடிக்கும்."

அவரு ஏரிப்பக்கம் திரும்பிப் பார்த்தாரு. அவரு மட்டும் இது பித்தலாட்டம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, எனக்கும் அந்த ஊர்ல பச்சைத்தண்ணி கிடையாது. அப்புறம் தலையை ஆட்டிகிட்டே, "ஆமா, வெயில் காலந்தான். வாயில்லாத ஜீவன், பாவம்"ன்னாரு. பொம்பளைங்க பக்கத்துல யாரோ மூக்கை உறிஞ்சற சத்தம் கேட்டுச்சு. நான் திரும்பிப் பாக்கலை.

ஓவர்சியர்கிட்ட வந்து சொன்னேன். வெத்தலை கன்னம் மாறுச்சு. "ஸ்பேனரை நீட்டாதேன்னு சொன்னேனே?"

"ஸ்பேனரை நீட்டலை சார். ஆட்டுக்குத் தண்ணி வச்சேன்."

"ஆட்டுக்குத் தண்ணி வைக்கறதைப் பத்தி நம்ம ரூல்ல ஒண்ணும் இல்ல"ன்னுட்டு எழுந்து போயிட்டாரு.

வீட்டுக்காரிகிட்டயும் சொன்னேன். அவளுக்குக் கோபம் வந்துச்சே பார்க்கணும்! ஊர் மேல இல்ல, என் மேல. "ஒரு பொண்ணு ஆசையா என்ன குழம்புன்னு கேட்டா, தெரியாதுன்னு சொல்லிட்டு வருவீங்களா? சொல்றதுக்கு வாய் வலிக்குதா? கருவாட்டுக் குழம்புன்னு போய்ச் சொல்லுங்க. மாங்கா போட்டுதுன்னு சொல்லுங்க." அடுத்த தடவை போய்ச் சொன்னேன். தேசம்மா முகம் அப்படியே மலர்ந்துபோச்சு. "மாங்காவா! கூட ரெண்டு கத்திரிக்கா போடச் சொல்லுண்ணா. கருவாடு எங்க வாங்கறாங்க? பொன்னேரி சந்தையிலயா? அய்யே, அது பழசு, நான் தரேன்." அதுக்கப்புறம் நான் மெக்கானிக்கும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. ரெண்டு பொம்பளைங்களுக்கு நடுவுல ஓடற தபால்காரன். வீட்டுக்காரி அங்க என்ன பூ பூக்குதுன்னு கேப்பா. தேசம்மா இங்க சினிமாக் கொட்டாயில என்ன படம்னு கேப்பா. ஒருத்தியை ஒருத்தி பார்த்ததே இல்ல. கடைசி வரைக்கும் பாக்கவும் இல்ல.

ஆட்டுத் தொட்டி கதையைச் சொல்லலையே. முதல் தடவை வச்சது வாய் ஒடைஞ்ச மண் தொட்டி. அடுத்த தடவை நான் போகும்போது அங்க ஒரு அலுமினிய அண்டா இருக்கு. பளபளன்னு சாம்பல் போட்டுத் தேய்ச்சு வச்சிருக்கு. அதுக்கு அடுத்த தடவை போனா அண்டாவுக்கு ஒரு மூடி! ஆடு மூடியத் தொறந்தா குடிக்கும்? அண்டாவோட ஒரு பக்கம் நசுங்கியிருந்துச்சு. அந்த நசுங்கல் எனக்குத் தெரியும். ஏழுமலை கல்யாணத்துல வந்த அண்டா அது, படவுலேர்ந்து எறக்கும்போது போட்டுட்டாங்கன்னு அஞ்சலை என்கிட்டயே எத்தனையோ தடவை புலம்பியிருக்கா. யாரோட பாடு போச்சோ அவங்க வீட்டு அண்டா.

காலையில அவதான் முதல்ல வந்து அடிப்பாளாம். செவப்புத் தண்ணியைக் கீழ ஊத்திட்டு, தெளிஞ்ச தண்ணியைக் குடத்துல கொண்டுபோய் அண்டாவுல நிரப்பி, மூடி போட்டுட்டு, தேசம்மா வாசல் பக்கம் திரும்பாம வருவாளாம். எல்லாம் தேசம்மா சொன்னதுதான். "மூடுற சத்தத்த மட்டும் டொம்முனு நல்லா கேக்கறா மாறி போடுவாண்ணா. வந்துட்டேன், எடுத்துக்கோன்னு சொல்றா மாறி. நான் உள்ள உக்காந்து கேட்டுகினு இருப்பேன்." தண்ணி வந்துடுச்சு, ஆனா அவ ஏங்கினது தண்ணிக்கு இல்லையே.

இப்படியே மாசங்கள் போச்சு. எத்திராஜ் மசியலை. ஊரும் மசியலை. சீட்டுக் குலுக்கற நாள் வந்துச்சு. அதுக்கு ரெண்டு மூணு நாள் முன்னாடியிருந்தே பம்பு படுத்துடுச்சுன்னு சேதி வந்து, நானும் அன்னிக்குத்தான் போய்ச் சேந்தேன். பழவேற்காட்டுக் கரையில எத்திராஜ் தண்ணிக்கு வந்திருந்தான். அவன் படவுலயே ஏறிகிட்டேன்.

கழியை ஊனிகிட்டே சொன்னான். "இன்னிக்கு சீட்டுல என் பேரு போடமாட்டாங்க சார். பேரு இல்லன்னா வருசம் பூரா பாடு கெடையாது. எண்ணூர்ல மச்சான் கீறான். நாளைக்குக் கெளம்பறோம்."

"தேசம்மா இன்னா சொல்றா?"

"அழுவுது." கழியைத் தண்ணியிலேர்ந்து உருவினான். அப்புறம், "சார், நீ ஒண்ணு பண்ணு. பம்ப ரிப்பேர் பண்ணாத. சாமான் இல்லன்னு சொல்லிடு. நாலு நாளு நாக்கு வறண்டா, தானா வழிக்கு வருவானுங்க."

என் கையிலதான் ஸ்பேனர் இருக்கு. முடியாதுன்னு ஒரு வார்த்தை சொன்னா ஊரே என் கால்ல விழும். ஆசை வராமலா இருக்கும்? வந்துச்சு. அவன் முகத்தைப் பார்த்தேன், தூக்கமே இல்லாத முகம். ஆனா, "அண்டாவுக்கும் இதே பம்புல இருந்துதான் எத்திராஜ் தண்ணி வருது"ன்னு சொன்னேன். அவன் திரும்பிகிட்டுப் படவைத் தள்ளினான். தம்பிங்களா, இதை மட்டும் கொஞ்சம் மனசுல வச்சுக்கோங்க. தண்ணியை நிறுத்தி ஒருத்தனை வழிக்குக் கொண்டுவரலாம்னு உங்ககிட்ட ரெண்டு தரப்பும் வருவாங்க. ரெண்டு பேர்கிட்டயும் நியாயம் இருக்கும். நீங்க பாட்டுக்குப் பம்பைக் கழட்டி மாட்டுங்க.

ஊர் ஆம்பளைங்க எல்லாம் பூவரச மரத்தடியில பாய் விரிச்சு உக்காந்திருக்காங்க. நடுவுல பெரியதனம், அவர் முன்னாடி சீட்டுப் போடற பானை. பம்பு மேடை அதுக்கு நேர் எதிர. பைப்பை மேல இழுக்க எனக்கு ஆள் வேணும். ஏழுமலை எழுந்து வந்தான். எத்திராஜ் ஒதுக்கி வச்சவனாச்சே, மேடையைத் தாண்டி அந்தப்பக்கமா, கையைக் கட்டிகிட்டு நின்னான். அவன் வீட்டு வாசல்ல தேசம்மா.

பம்புத் தலையைக் கழட்டி, பைப்புக்குக் கிளாம்பு போட்டு மேல இழுக்கறோம். பாதி வந்திருக்கும். உப்பு தின்ன போல்ட்டு, டப்புனு தெறிச்சுது. கிளாம்பு வாயைப் பொளந்துகிச்சு. பைப்பு சர்ருனு கீழ இறங்குது. ஏழுமலை ரெண்டு கையாலயும் புடிக்கறான், ஈரக் கை, வழுக்குது. அந்தப் பைப்பு உள்ள போயிடுச்சுன்னா துளையே போச்சு. மறுபடி துளை போட ஆபீசுல அனுமதி வாங்கி, ஆள் வந்து, அந்த மெல்லிசுத் தண்ணியைத் தேடிப் புடிக்கறதுக்குள்ள அந்த ஊர் காலி.

எங்கிருந்து வந்தான்னு தெரியலை. எத்திராஜ் ஒரே பாய்ச்சல். மேடை மேல நெஞ்சு அடிபட விழுந்து, ரெண்டு கையையும் முன்னால நீட்டி, துளை வாயிலயே பைப்பை இறுக்கிப் புடிச்சுகிட்டான். ஏழுமலை அவன் கை மேலயே தன் கையை வச்சு அமுக்கினான். நான் ரெஞ்சை எடுத்துக் கடிக்க வச்சு, ஒரு கட்டையைக் குறுக்க போட்டு நிறுத்தினேன். மூணு பேருக்கும் மூச்சு வாங்குது.

மரத்தடியில எல்லாரும் எழுந்து நின்னுட்டாங்க. பெரியதனம் மட்டும் உக்காந்தே இருக்காரு. எத்திராஜ் இன்னும் குப்புறக் கிடக்கான். தலை அவரு பக்கம், நீட்டின கை ரெண்டும் அவரு பக்கம்.

பெரியதனம் மெதுவாக் கேட்டாரு. "எல்லாரும் பாத்தீங்களா?"

"இன்னாத்த?"ன்னு யாரோ கேட்டான்.

"எத்திராஜு சபையில உயுந்துட்டான். நெடுஞ்சாண்கிடையா. ஊரு பூரா பாத்துச்சு. அதோட முடிஞ்சிபோச்சு. அவன் பேரையும் எழுதிப் பானையில போடு."

எத்திராஜ் தலையைத் தூக்கினான். தாடையில சிமெண்டு உரசி ரத்தம். "நான் பைப்புக்குத்தான்..."னு ஆரம்பிச்சான்.

"எதுக்கு உயுந்தா இன்னா நைனா? உயுந்தியா இல்லியா?"

நான் ஏழுமலையப் பார்த்தேன். அவன்தானே பாட்டைப் பறிகொடுத்தவன். அவன் இல்லைன்னு ஒரு வார்த்தை சொன்னா எல்லாம் போச்சு. அவன் கை இன்னும் எத்திராஜ் கை மேலதான் இருந்துச்சு. "உயுந்தான். நான் கிட்டக்கவே பாத்தேன்"னான். எத்திராஜ் தன் வீட்டு வாசலைத் திரும்பிப் பார்த்தான். அங்க தேசம்மா கதவு நிலையைப் புடிச்சுகிட்டு நிக்கறா. அவன் எழுந்து உக்காந்து நெஞ்சுல ஒட்டின மணலைத் தட்டினான். அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசலை. அந்த மனுசன் அன்னிக்குப் பேசாம இருந்ததுக்கு நான் இன்னிக்கும் அவனைக் கும்பிடறேன்.

சீட்டு குலுக்கினாங்க. அவன் பேரும் வந்துச்சு. நான் பம்பை மாட்டி முடிச்சேன். பொம்பளைங்க குடத்தோட வந்து வரிசை கட்டினாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு தேசம்மாவும் குடத்தைத் தூக்கிகிட்டு வந்தா. தயங்கித் தயங்கி வந்து, வரிசையில எல்லாருக்கும் பின்னாடி குடத்தை வச்சா.

யாரும் பேசலை. கட்டுப்பாடுதான் நீங்கியாச்சே, பேசலாமே! ஆனா எப்படி ஆரம்பிக்கறதுன்னு ஒருத்திக்கும் தெரியலை. இத்தனை மாசம் தரையைப் பார்த்து நடந்தவங்க. "எப்படி இருக்கே?"ன்னு கேட்டா அது எவ்வளவு அபத்தம்! கைப்பிடி கிறீச் கிறீச்னு அடிபடுது. தேசம்மா தன் குடத்தையே பார்த்துகிட்டு நிக்கறா. அவ முகத்தைப் பார்த்து எனக்குப் பயம் வந்துடுச்சு. இதுக்கு எண்ணூரே தேவலைன்னு இன்னும் ஒரு நிமிஷத்துல திரும்பிப் போயிடுவாளோன்னு.

திடீர்னு ஒரு குரல் கிளம்புச்சு பாருங்க.

"ஏய்! கொடத்த எங்க வெக்கிற? கண்ணு இன்னா பொடனியிலயா கீது? அது என் எடம், தெர்ல? வந்த ஒடனே ஆரம்பிச்சிட்டா பேஜாரு!"

அஞ்சலை. இடுப்புல கை. தேசம்மா வச்ச இடம் யாரோட இடமும் இல்ல, வரிசைக் கடைசி அது. அஞ்சலை குடம் முன்னாடி எங்கயோ இருக்கு.

தேசம்மா நிமிந்தா. கண்ணுலேர்ந்து பொலபொலன்னு ஊத்துது. முந்தானையால மூக்கைத் துடைச்சா. "உங்கொப்பன் ஊட்டு எடமாடி? பம்புக்கே நீதான் மகாராணியா? எட்றி உன் கொடத்த!"

"யார்ரி எடுக்கச் சொல்ற? அவ்ளோ வாய் நீண்டுபோச்சா?"

அவ்வளவுதான். பின்னால நின்னவ ஒருத்தி சேந்துகிட்டா, முன்னால நின்னவ ஒருத்தி சமாதானம் பண்றேன்னு உள்ள பூந்து தானும் கத்தினா. ரெண்டு பேரும் அழுதுகிட்டே திட்டிக்கறாங்க. நடுவுல சிரிப்பும் வருது. ஏரியே அதிருது. நான் படவுல ஏறி ரொம்ப தூரம் வந்தும் அந்தச் சத்தம் கேட்டுகிட்டே இருந்துச்சு. படவுக்காரன், "இன்னாய்யா இது, இவ்ளோ சண்ட?"ன்னு கேட்டான். "பம்பு சரியாயிடுச்சுப்பா"ன்னேன்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். என் வீட்டுக்காரி கண்ணைத் துடைச்சுகிட்டு, "அப்புறம் இவ என்ன சொன்னா? அதுக்கு அவ என்ன சொன்னா?"ன்னு திரும்பத் திரும்பக் கேட்டா. ஒரு வார்த்தை விட்டுட்டாலும், "ஒழுங்காக் கேட்டுட்டு வரத் தெரியாதா, இன்னா மனுசன் நீங்க"ன்னு திட்டினா.

இப்போ நான் மெட்ராஸ் ஓரத்துல மகன் வாங்கின அடுக்குமாடியில இருக்கேன். கேன் தண்ணி வருது. குழாயைத் திறந்தா தண்ணி கொட்டுது. யாரும் வரிசையில நிக்கறதில்ல. யாரும் என் குடத்தை உதைக்கறதில்ல. என் வீட்டுக்காரி போய்ச் சேந்து நாளாச்சு. காலையில எழுந்து, இன்னிக்கு என்ன குழம்புன்னு கேக்கவும் ஆள் இல்ல, தெரியாதுன்னு சொன்னா திட்டவும் ஆள் இல்ல. தேசம்மா அன்னிக்கு வாசல்ல நின்னு, ஒரு தபா திட்டிட்டுப் போனா கூட போதும்ணான்னு சொன்னா பாருங்க, அது எனக்கு அப்போ முழுசாப் புரியலை.

நீங்க அந்தப் பக்கம் வேலைக்குப் போறீங்க. போனைப் பாருங்க, வேணாம்னு சொல்லலை. ஆனா கரை நெருங்கும்போது ஒரு நிமிஷம் மோட்டாரை அணைச்சுட்டுக் காதைக் குடுங்க. சண்டைச் சத்தம் கேட்டா, எனக்கு ஒரு போன் போடுங்க. ஒண்ணும் பேசவேணாம். போனை அந்தப் பக்கமாத் தூக்கிப் புடிங்க, போதும்.